இரண்டு மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டர்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நடக்கும்.

துணியை ஊறவைத்து அலசும்வரை நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும். பிழியத் தொடங்கியதும் முதலில் ஒரு முனகல். பிறகு ஓர் உதறல். அதன்பின் இடது பக்கம் ஒரு எட்டு, வலது பக்கம் ஒரு எட்டு வைத்து, சமையலறை வாசலை நோக்கிக் கிளம்பிவிடும்.

“புது மருமக கிளம்பிட்டா பாரு,” என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பார் என் மாமியார். “செருப்ப எடுத்து வெளிய வை.”

பழைய மருமகளான நான் ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். பிழிந்து முடிக்க ஏழு நிமிடம். ஏழு நிமிடமும் என் பற்கள் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்.

அதை வாங்கியதே என் மணிக்கட்டுக்காகத்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்சை ஃபிரேமில் பொருத்துவதும், கடுகைவிடச் சிறிய திருகாணிகளை முடுக்குவதும் என் வேலை. மூன்று பேரின் துணியைக் கையால் பிழிந்து பிழிந்து வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. திருகாணி நழுவி விழும். நான் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடுவேன். முதலாளி திட்டமாட்டார். என் தலைக்கு மேலே நின்றபடி பெருமூச்சு விடுவார். அதற்குத் திட்டே தேவலை.

‘இனிமே துணி பிழியக் கூடாது’ என்று டாக்டர் சொன்னார். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து அந்த மெஷினை வாங்கினேன். இப்போது நான் துணியைப் பிழிவதில்லை, துணி பிழிகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மணிக்கட்டுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. முப்பது நாளுக்குள் தயாரிப்புக் குறை என்று கடையின் மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். மூன்று முறை வந்து பார்த்தும் குறை தெரியாவிட்டால் புகாரை மூடிவிடுவார்கள். மெக்கானிக் இரண்டு முறை வந்துவிட்டார். இரண்டு முறையும் ஒரே வரிதான் எழுதினார்: ‘குறை ஏதும் தென்படவில்லை.’

அவர்மேல் தப்பில்லை. தப்பெல்லாம் எங்கள்மேல்தான்.

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தானாக வேலை செய்யாது. வாசல் கதவை முழங்காலால் லேசாகத் தூக்கிக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு, மறுபடி அரைச் சுற்றுத் திறந்தால்தான் சொட்டு நிற்கும். ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒரு ரப்பர் பட்டை. சுவர்க் கடிகாரம் பதினோரு நிமிடம் முன்னால் ஓடும். நாங்கள் மூவரும் யோசிக்காமலே கழித்துக்கொள்வோம். யாராவது ஒரு நாள் தங்க வந்தால் பெட்டியை வைப்பதற்குள் அவர்களுக்குக் கால்மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் கணவர். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். சட்டைப் பையில் எந்நேரமும் மடித்த காகிதத் துண்டுகள் வைத்திருப்பார். ஆடுகிற தராசுக்கு ஒன்று, சாய்கிற மேசைக்கு ஒன்று. “என் லேப்ல இதுவரைக்கும் ஒரு சாமான்கூட உபயோகமில்லன்னு வெளிய போனது கிடையாது,” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மெஷின் வந்த மூன்றாம் நாளே அதன் காலடிக்குக் காகிதம் போனது. பிறகு அட்டை. பிறகு செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர். பிறகு ஜன்னல் கம்பியோடு சேர்த்து நைலான் கயிறு. கயிறு கட்டிய பிறகு அது வாசலுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே திமிறியது. அதற்கு மாமியார் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். முக்காலி போட்டு ஏறி, தலையணை ஒன்றை வைத்து, மெஷின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“இடுப்பு வலிக்கு நல்லா இதமா இருக்குடி,” என்றார், குரல் நடுங்க. குரல் மட்டுமில்லை, மொத்தமாகவே நடுங்கிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் முதல் தடவை வந்தது ஆறாம் நாள். நாற்பது வயதிருக்கும், சிரிக்காத முகம். “நான் கண்ணால பாக்கறததான் எழுதுவேன். குறை தெரிஞ்சாத்தான் பின்பக்கம் கழட்டணும், அது ரூல்,” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அவர் வருவதற்கு முன், விருந்தாளிக்காக வீட்டைப் பெருக்குவதுபோல, என் கணவர் கயிற்றை அவிழ்த்துவிட்டு நான்கு காலுக்கும் புதுக் காகிதம் வைத்திருந்தார்.

“வெளியாள் வர்றப்ப மெஷின் பாக்கறதுக்கு நல்லா இருக்க வேணாமா?”

“எப்படிம்மா ஓடுது?” என்று கேட்டார் மெக்கானிக்.

“நல்லா இருக்குப்பா,” என்றார் மாமியார். “நீ எப்படி இருக்க?”

என் கணவர் மெஷின்மேல் இடுப்பைச் சாய்த்து நின்றபடி அவரிடம் வெயிலைப் பற்றிப் பேசினார். ஏழு நிமிடம் சுகமாகக் கழிந்தது. குறை ஏதும் தென்படவில்லை.

இரண்டாம் முறை, பதினேழாம் நாள், காகிதத்தை நானே பிடுங்கிப்போட்டேன். கணவரைக் கடைக்கு அனுப்பினேன். மாமியார் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “பசங்க எத்தனாவது படிக்குதுங்க தம்பி?” என்று கேட்டபடி இரண்டு முழங்கையையும் மெஷின்மேல் ஊன்றிக்கொண்டார். அவருக்கு ஜாடை காட்ட வேண்டும் என்று திரும்பியபோதுதான் கவனித்தேன். என் இடது கையும் மெஷின்மேல்தான் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

‘குறை ஏதும் தென்படவில்லை. வாடிக்கையாளர் திருப்தி.’ கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பேனா வேறு நன்றாக எழுதித் தொலைத்தது.

ஏன் போட்டேன் என்று பிறகு துணி காயப்போடும்போது யோசித்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். திருப்தி என்றால் என்னவென்றும் தெரியும். ஆனால் ஒருவர் காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அவரைக் காக்கவைக்க என்னால் முடியாது. ‘பரவாயில்லை’ என்று என் வாயிலிருந்து வந்ததை மட்டும் அடுக்கினால் அது பாட்டுக்கு விட்டம்வரை போகும். மணிக்கட்டு வீங்கிய முதல் வாரத்தில் என் மணிக்கட்டிடமே பரவாயில்லை என்று சொன்னவள் நான்.

இருபத்தோராம் நாள் மெஷின் வாங்கிய கடைக்குப் போனேன். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகைக்குக் கீழே, சீராகச் சீவிய தலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு ரிப்போர்ட்லயும் குறை இல்லன்னுதானே மேடம் இருக்கு?”

“நடக்குதுங்க.”

“லேசா அதிரும் மேடம். புதுசு இல்லையா, கொஞ்ச நாள்ல பழகிடும்.”

“யாருக்கு? மெஷினுக்கா, எங்களுக்கா?”

“ரெண்டு பேருக்கும்,” என்று இனிமையாகச் சிரித்தாள்.

யாரோ பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. அது என் வார்த்தை. என் சிரிப்பும்கூட. கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது என்று வருகிறவரிடமும், படி பள்ளமாகத் தெரிகிறது என்று வருகிறவரிடமும் நான் தினமும் சொல்வது அதுதான். ‘ரெண்டு வாரத்துல பழகிடும்.’ பாதிப் பேருக்கு உண்மையிலேயே பழகிவிடும். மீதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். அவர்களுக்கும் பழகிவிட்டது என்றே இத்தனை நாளும் கணக்கு வைத்திருந்தேன்.

திரும்பத் திரும்ப வருகிற ஒரே ஆள் வக்கீல். கனத்த உடம்பு, கரகரத்த குரல். மறுநாள் மூன்றாவது முறையாக வந்தார்.

“ஏம்மா, இந்தக் கண்ணாடியப் போட்டா தரை சரிவாத் தெரியுது. நேத்து கோர்ட்டுல ஜட்ஜு பக்கம் சரிஞ்சுகிட்டே போறேன்.”

“பழகிடும் சார்,” என்றேன். சொல்லிவிட்டு என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனவுடன் எங்கள் மெஷின் கதையை அவரிடம் கொட்டிவிட்டேன். ஏன் அவரிடம் என்று தெரியவில்லை. அவரும் சாய்ந்துகொண்டிருந்ததால் இருக்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் எங்கள் கடைச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் அதே பலகை இருந்தது.

“இந்த போர்ட மாட்டறதுக்கு ஒரு ஆணி இருந்தாப் போதும்மா, சட்டம் வேணாம்,” என்றார். உள்ளே முதலாளி இருமினார். “பழுதான சாமான வித்தா சரி பண்ணிக் குடுக்கணும். இல்ல மாத்திக் குடுக்கணும். ரெண்டும் ஆகலன்னா பணத்தத் திருப்பிக் குடுத்தாகணும். இதுல கெஞ்சறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா பழுதுன்னு காட்டணுமில்ல? நீங்க மூணு பேரும் சேந்து அந்தப் பழுதுக்கு முட்டுக் குடுத்து, அழகா நிக்கவெச்சுட்டு, ஐயோ பழுதுன்னா யாரு நம்புவா?”

“இப்ப என்ன சார் பண்றது?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. அவர் வர்றப்ப யாரும், எதுவும் பண்ணாதீங்க. முடியுமா உங்களால?”

பதில் சொல்வதற்குள் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடைப் படியைக் காலால் துழாவித் துழாவி இறங்கிப் போய்விட்டார்.

மெக்கானிக் இருபத்தெட்டாம் நாள் வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முதல் நாள் மாலை, என் கணவர் ஒரு பலகையோடு வீட்டுக்கு வந்தார்.

“இத அடியில போட்டு நாலு மூலைக்கும் ஆணி அடிச்சிட்டா அசையாது பாரு.”

“வேணாங்க. நாளைக்கு அவர் முன்னாடி அது நடக்கணும்.”

“ஓடற மெஷினப் போயி...”

“நடக்கற மெஷின்.”

“இன்னும் ஒரு வாரம் குடு எனக்கு.”

“ஒரு வாரத்துல முப்பது நாள் முடிஞ்சிடும். அப்புறம் ஆயுசுக்கும் அத்தை அதுமேல உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

“எனக்கொண்ணும் கஷ்டமில்ல,” என்றார் மாமியார்.

என் கணவர் பலகையைச் சுவரோரம் சாய்த்தார். “ஒரு சாமான வேணாம்னு திருப்பி அனுப்பறதுன்னா எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. நம்மால முடியலன்னு ஊருக்குச் சொல்ற மாதிரி.”

கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், வலது கையை அவர் முன்னால் மேசையில் வைத்தேன். மணிக்கட்டு அன்று கொஞ்சம் அதிகமாகவே வீங்கியிருந்தது.

“இதுக்கு அடியில என்னத்த வைப்பீங்க?”

அவர் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பதினாலு இருந்தன.

மறுநாள் இரண்டு நாற்காலிகளைச் சமையலறைச் சுவரோரம் போட்டேன். ஒன்றில் அவர், உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தபடி. இன்னொன்றில் மாமியார், கையைக் கட்டிக்கொண்டு. தேர்வு எழுத வந்தவர்கள்போல இருந்தார்கள். கயிறு, அட்டை, ரப்பர், தலையணை எல்லாவற்றையும் குளியலறையில் போட்டுப் பூட்டினேன். ஈரப் போர்வையையும் மூன்று பேண்டையும் போட்டு மெஷினைத் தொடங்கினேன்.

“எப்படிம்மா ஓடுது?” என்று கேட்டார் மெக்கானிக்.

“நல்லா...” என்று தொடங்கிய மாமியார் என்னைப் பார்த்தார். “...நீயே பாத்துக்க தம்பி.”

அலசி முடித்தது. முனகியது. உதறியது. இடது பக்கம் ஓர் எட்டு வைத்தது.

என் கணவர் நாற்காலி நுனிக்கு வந்தார். கை தொடைக்கடியில் இருந்து வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் உள்ளே போனது. “ஐயோ, தனியாப் போறாளே,” என்று முனகினார் மாமியார். மெஷின் வேகம் எடுத்தது. நேராக மெக்கானிக்கை நோக்கி வந்தது.

அப்போது அந்த மனிதர் பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு முழங்காலாலும் முட்டுக் கொடுத்தார். மெஷின் நின்றது. எங்களில் ஒருவராகவே மாறிப்போய், பற்கள் தடதடக்க, ஆனால் மிகவும் நிம்மதியாக நின்றார்.

இரண்டு பேரை நாற்காலியில் கட்டிப்போட்டாயிற்று; இவரை என்ன செய்ய? இருபத்தெட்டு நாள். மூன்றாவது தடவை. என் வாய் ‘பரவாயில்லை’க்காகத் திறக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது.

“கைய எடுங்க,” என்றேன்.

“விட்டா போயிடும்மா!”

“போகட்டும். விடுங்க.”

“சுவத்துல இடிச்சிடும்மா!”

“இடிக்கட்டும். எங்க சுவரு. கைய எடுங்கன்னு சொல்றேன்ல?”

வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. நானும்தான். மெக்கானிக் சுட்டதுபோலக் கையை எடுத்தார். மெஷின் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு கிளம்பியது. தண்ணீர் வரும் ரப்பர் குழாய் இழுபட்டுக் கழன்று, மெக்கானிக்கின் நெஞ்சில் ஒரு முறை நன்றாகப் பீய்ச்சியது. நான் பாய்ந்து குழாயை மூடினேன். மறக்காமல் அரைச் சுற்றுத் திறந்தேன். மெஷின் நிலைப்படியில் தோளை இடித்து, கோணலாகத் திரும்பி, வாசலை முழுக்க அடைத்துக்கொண்டது. வயர் பிளக்கிலிருந்து தானே பிடுங்கிக்கொண்டு வர, அத்தோடு நின்றது.

நாங்கள் நான்கு பேரும் சமையலறைக்குள்ளே மாட்டிக்கொண்டிருந்தோம்.

“வழியனுப்பக்கூட விடலயே,” என்றார் மாமியார்.

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெஷின் மேலேயே காகிதத்தை விரித்து எழுதத் தொடங்கினார். “இயந்திரம் நகர்கிறது... எவ்வளவு தூரம்னு போடலாம்? ரெண்டடி, மூணடி?”

“நான் எந்திரிக்கலாமா?” என்று என்னிடம் கேட்டார் என் கணவர்.

தலையாட்டினேன். அவர் இழுப்பறையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். மெஷின் முன்பு நின்ற இடத்தில் தரையில் பதிந்திருந்த அடையாளத்தில் ஒரு முனையை வைத்து, மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி அளந்தார். இரண்டாம் தடவையும் அளந்தார்.

“ரெண்டு மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டர். நேரம் ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்.”

“ரெண்டு மீட்டர்னு போட்டுடறேன் சார்.”

“பதினெட்டு எங்க போச்சு?” என்றார் என் கணவர். அந்தப் பதினெட்டுக்காக அவர் சண்டை போடத் தயாராக இருந்தார். எனக்காக அவர் இதுவரை வாங்கிவந்த எதையும்விட அந்தப் பதினெட்டு எனக்குப் பிடித்திருந்தது.

மெக்கானிக் பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். டிரம்மைத் தாங்க நான்கு கொக்கி, மூன்றில்தான் ஸ்பிரிங். நான்காவது கொக்கி கீறல்கூட இல்லாமல் பளபளத்தது.

“மாட்டாமலே அனுப்பியிருக்காங்க,” என்றார். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “ரெண்டு தடவ வந்தேனேம்மா. அப்பல்லாம் ஏன் நகரல?”

“டீ போடட்டுமா தம்பி?” என்றார் மாமியார்.

மறுநாள் கடையில் அந்தப் பெண் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். “வேற மாடல் மாத்திக்கறீங்களா மேடம்? புதுசா ஒண்ணு...”

“பணம்,” என்றேன். அதோடு சேர்த்துச் சொல்ல நாலைந்து மரியாதைச் சொற்கள் தொண்டைவரை வந்தன. எச்சிலோடு விழுங்கினேன்.

பணம் வந்தது. மெஷினைத் தூக்கிப்போக வந்தவர்கள், “மேல ஏதோ துணி ஒட்டியிருக்குங்க,” என்று தலையணையுறைக் கிழிசலை எடுத்துக் கொடுத்தார்கள். மாமியார் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வக்கீலுக்குப் போன் செய்து வரச்சொன்னேன். அவர் கண்ணாடியை அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தேன். வலது லென்சின் மையம் நான்கு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. பொருத்திய தேதியைப் பார்த்தேன். மணிக்கட்டு ரொம்ப மோசமாக இருந்த வாரம். அவருக்கு அது ஆயுசுக்கும் பழகியிருக்காது.

“என் தப்பு சார். வேற லென்ஸ் போட்டுத் தர்றோம்,” என்றேன். முதலாளி பெருமூச்சு விட்டார். விட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

புது லென்ஸ் போட்டுக்கொண்டு வக்கீல் தரையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். “நேரா இருக்கே,” என்றார். பிறகு சுவரைப் பார்த்தார். “இப்பத்தான் தெரியுது, உங்க போர்டு கோணலா மாட்டியிருக்கு.”

வேறு கடையில் வாங்கிய மெஷின் வந்த அன்று, என் கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார், ஒரு கை சட்டைப் பைமேல். பிழியத் தொடங்கியது. சின்னதாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். அவர் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். நான்கும் தரையில் பதிந்திருந்தன. வேலை போனவர்போல நிமிர்ந்தார்.

“வாசல் பூட்டு ஒண்ணு இருக்குங்க,” என்றேன்.

“அதான் முட்டியால தூக்கினா தெறக்குதே,” என்றவர், என் மணிக்கட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சரி. நாளைக்குப் பூட்டுக்காரர வரச்சொல்றேன்.”

மாமியார் தலையணையோடு வந்தார். முக்காலியைப் போட்டார். ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

“ஏம்மா, இது ஓடுதா?”

“ஓடுது அத்தை.”

“ஓடுதுங்கற. எனக்கு ஒண்ணும் தெரியலயே,” என்றார். குனிந்து அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். “இத எடுத்துட்டுப் போயி அவங்ககிட்டயே குடுத்துட்டு வா. இதுல ஏதோ குறை இருக்கு.”